மெழுகு தடவாத கம்பி

கோல்ஃப் மட்டையின் தண்டு எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நம்பி இரண்டு வருடங்களைத் தொலைத்தவள் நான். ஒரு கிராம் குறைந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவேன், என் நாத்தனாரிடம்கூட.

நாத்தனாருக்கும் எங்கள் தொழிற்சாலையில்தான் வேலை. நான் வரைவேன், அவர் சுற்றுவார். எஃகுக் கம்பிக்கு மெழுகு தடவி, பசை ஊறிய கார்பன் தாளை அதன்மேல் இறுக்கிச் சுற்றி, நாடா கட்டி, அடுப்பில் வேகவைத்து, ஆறியதும் கம்பியை உருவிவிட வேண்டும். மிஞ்சும் குழல்தான் தண்டு. மெழுகு தடவ மறந்தால் கம்பி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், சாமியே வந்தாலும் உருவ முடியாது. நாத்தனார் மறப்பார்.

"அண்ணி, மெழுகு!" என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"தடவினேன்னுதான் நெனச்சேன்" என்பார், குற்றமெல்லாம் கம்பியுடையது போல.

அப்படி ஒட்டிக்கொண்ட ஒன்றைத்தான் அலுவலகக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம்.

ஒருநாள் சாம்பியன் ஒருவர் வந்தார். தோள்வலியால் ஆட்டம் குறைந்துபோனவர், ஆனாலும் பெயர் குறையவில்லை. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் தலையாட்டினா உன் தண்டைத் தயாரிப்புல போடறோம். இல்லேன்னா உன் வரைபடத்தையெல்லாம் சுருட்டி அலமாரியில வெச்சிடு" என்றார்.

சாம்பியன் என் தண்டை வீசிப் பார்த்தார். "கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பாராட்டு இல்லை, புகார் என்று உறைத்தது.

கிளம்பும்போது அவர் கதவுக்கு முட்டாக இருந்ததை எடுத்து ஒரு சுழற்று சுழற்றினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவர் முகம் மலர்ந்தது.

"இதுதாங்க! ஆடறதுக்கு முன்னாடி இதை நாலு சுத்து சுத்தினா தோள் அப்படியே இளகிடும். யாரு டிசைன் பண்ணது?"

முதலாளி கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினார். நானும் வெட்கங்கெட்டுக் கைகுலுக்கினேன்.

மறுநாளே ஆர்டர் வந்தது. கம்பி ஒட்டிய தண்டுகள், ஒரு வண்டி நிறைய. எனக்கு வந்த ஆத்திரத்தில், வேறு எதுவும் வரையாமல் என் லேசான தண்டுக்கான தாள்களையே வெட்டிக் கொடுத்தேன்.

"அண்ணி, இந்தத் தடவை மெழுகு வேண்டாம். வழக்கம்போல மறந்துடுங்க, போதும்."

"அதைவிட சுலபமான வேலை உண்டா?" என்று சிரித்தார். நான் நம்பிக்கை வராமல் அவர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடுப்பிலிருந்து வெளியே வந்ததும், ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒன்றை உருவும் இயந்திரத்தில் மாட்டினேன். கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. அத்தனையும் வந்தன.

"அண்ணி!"

"நான் என்ன பண்ணட்டும்? நீ பக்கத்துல வந்து நின்னே. உன் மூஞ்சியப் பார்த்ததும் கை தானா மெழுகு டப்பாவுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் கை நிக்கவே இல்ல. எத்தனை வருஷத் திட்டு!"

தண்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வரைபடத்தில் நான் எழுதிய எடை. ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை, வளைவு இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கும் வேண்டாத நேரத்தில் என் தண்டு பிறந்துவிட்டது.

முதலாளி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். பிறகு, "கம்பியைத் திரும்ப உள்ள விட்டுப் பசை போட்டு ஒட்டுங்க. சாயந்தரம் வண்டி வருது" என்றார்.

நாத்தனார் பசையைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்து ஆறுதலாக, "கவலைப்படாதே, இந்தத் தடவை மறக்கவே மாட்டேன்" என்றார்.

"ஒண்ணு ரெண்டு மறந்தாலும் பரவாயில்ல அண்ணி" என்றேன்.

அவர் ஒன்றைக்கூட மறக்கவில்லை.