பானெட்டுக்குக் கீழே

க்ளார் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், யெர்கர் லுண்ட்மார்க்கின் காரில் இஞ்சின் இருந்த குழி, அவர் அதற்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கிய முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஓர் ஆள் உயரத்துக்கு ஆழமாகிவிட்டது. காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் எப்போதும் போல நான்கு சக்கரமும் சிமெண்டுத் தரையும்தான். பானெட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் ஆழம். இதைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு எழவில்லை. அந்த வருஷம் காகித ஆலையை மூடியிருந்தார்கள். பேசுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கார் வெளிர்நீல வோல்வோ. ஆலை மூடுவதற்குச் சில வருஷம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மகள் இல்வாவின் காதலன் மாத்திஸ் கேட்காமல் சாவியை எடுத்துப் போய், பனியில் வழுக்கி, மரக்கட்டைக் குவியலில் மோதினான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காரின் மூக்குதான் நசுங்கியது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், ஊறவைத்த மீன் தட்டுக்கு மேலாக, "இவன் கால் இனிமே என் வாசப்படியில படக் கூடாது" என்றார் யெர்கர். இல்வா கோட்டை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினாள். வடக்கே கிருனாவில் குடியேறினார்கள், மாத்திஸ் அங்கே இரும்புச் சுரங்கத்தில் சேர்ந்தான், ஒரு பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்க்கலாம் என்று மனைவி குன்வோர் கேட்டபோதெல்லாம், "காரை முடிச்சுடறேன், அதுலயே போலாம்" என்று யெர்கர் சொல்லிவந்தார்.

சொன்னதற்காகத்தான், தான் வேலை பார்த்த ஆலை மூடிய வாரமே இதைத் தொடங்கினார். நசுங்கிய தகரத்தைத் தட்டி நேராக்கினார். சங்கிலி கட்டி இஞ்சினைத் தூக்கி, பழைய போர்வை போர்த்தி மூலையில் வைத்தார். வயர்களைச் சேர்த்துக் கட்டி பிளாஸ்டிக் பைகளில் சுற்றினார். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துக் கழுவி, கம்பிப் பிரஷ் போட்டு, முரட்டு உப்புத்தாளும் பிறகு மெல்லிய உப்புத்தாளுமாகத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கீழே இன்னும் தகரம் இருந்தது. கை எட்டாமல் உள்ளே இறங்கி நின்றார். வசந்தத்தில் ஏணி வைத்தார். அடுத்த வசந்தத்தில் அந்த ஏணியோடு இன்னொன்றைக் கட்டினார். அடிப்பூச்சான பிரைமரை அடித்துக்கொண்டு கீழே போவதற்குள் மேலே ஈரக் காற்றில் துரு பொட்டுப் பொட்டாகப் பூத்துவிடும். மறுபடி ஏறி வந்து தேய்க்க வேண்டும். பெயிண்ட் கடையில் அவருக்காக அந்த வெளிர்நீலத்தை வாளிக் கணக்கில் கலந்து வைக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு ஸ்டூரே எப்போதாவது வந்து விளிம்பில் கையூன்றி, "கீழ என்னப்பா தெரியுது?" என்று கத்துவார். "தகரம்" என்ற பதில் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

குன்வோர் காப்பியை வாளியில் வைத்துக் கயிற்றில் கட்டி இறக்கினார். போய்ச் சேரும்போது அது ஆறியிருக்கும். கோடைதோறும் தனியாக ரயிலேறிப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே எல்லாரும் யெர்கரைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். குழிக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குன்வோரின் குரல் கம்மிப்போயிருந்தது. ஒரு நாள் காலை விளிம்பில் நின்று, "துருவெல்லாம் சும்மா சாக்கு. முடிஞ்சா வடக்க போகணுமே, அதான?" என்றார். கீழே உப்புத்தாள் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. குன்வோர் வீட்டுக்குள் போய் மாத்திஸுக்கு ஃபோன் செய்தார்.

"நீ மோதின கார். நீயே வந்து முடிச்சுக் குடு."

"என் கால் வாசப்படியில படக் கூடாதுன்னாரே, அத்தை."

"கார் ஷெட்டுக்கு ஏதுடா வாசப்படி?"

மாத்திஸ் சுரங்கத் தொப்பியும் விளக்குமாக வந்து சேர்ந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்து, "காத்து வருதா?" என்று மட்டும் கேட்டான். வருகிறது என்றார் குன்வோர். "அப்போ சரி. எங்க ஊர்ல இதெல்லாம் ஆழமே இல்ல" என்று சொல்லி ஏணியில் இறங்கினான். அன்று முழுக்கக் கீழேயிருந்து பேச்சுச் சத்தம் இல்லை. சாயங்காலம் குன்வோர் வாளியில் இரண்டு கோப்பை இறக்கினார். இரண்டும் காலியாக மேலே வந்தன. மறுநாள் ஊரில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் யெர்கரின் குரல் கேட்டது. "கையை மடக்காத. ஒரே வேகத்துல இழு, இல்லேன்னா வழிஞ்சிரும்." ஸ்பிரே துப்பாக்கி சீறி ஓய்ந்தது. பிறகு மாத்திஸ் கேட்டான்: "நான் இடிச்சது மேலதானே மாமா. நீங்க ஏன் இவ்ளோ கீழ வந்துட்டீங்க?" குன்வோர் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார். "அந்த வார்த்தையை எப்படித் திரும்ப வாங்கறதுன்னு தெரியல" என்றார் யெர்கர்.

"அது இருக்கட்டும் மாமா. இங்கேருந்து மேல நோக்கி அடிச்சுக்கிட்டே ஏறுவோம். கீழ பெயிண்ட் ஈரமா இருக்கும், திரும்ப இறங்க முடியாதுல்ல."

அப்படித்தான் ஏறினார்கள். வெளியே வந்தபோது யெர்கரின் முடி வெளுத்திருந்ததை முதலில் கவனித்தவர் குன்வோர், சீப்பு எடுத்து வந்தவரும் அவர்தான். ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்கள். இஞ்சினை மாட்டும் பிடிகள் பழைய இடத்திலேயே இருந்ததால் பொருத்துவதில் சிரமம் இல்லை. வருடாந்திரச் சோதனையில் அதிகாரி பானெட்டைத் திறந்து, இஞ்சினுக்கும் தகரத்துக்கும் இடையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடது விளக்கு சற்றுத் தாழ்வாக அடிக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

மூவரும் வடக்கே போனார்கள். மாத்திஸ் பின்சீட்டில் பாதி வழி தூங்கினான். குன்வோர் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே வந்தார். கிருனாவில் இல்வா கோட்டுகூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு வெளியே வந்தாள். அப்பாவைக் கட்டிப்பிடிக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு பானெட்டைத் தூக்கி உள்ளே குனிந்தாள். கீழிருந்து வந்த குளிர்ந்த காற்று அவள் முடியைக் கலைத்தது.

"இடது பக்கம், நல்லா கீழ, ஒரு எடம் விட்டுப்போச்சு" என்றாள்.

யெர்கர் அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "ஆமா" என்றார். பிறகு நிமிர்ந்து, "இருக்கட்டும்" என்றார்.

இல்வா பானெட்டை மூடினாள். சாப்பிடுவதற்காக எல்லாரும் உள்ளே போனார்கள்.