குளோத்தில்தா ராணியின் வசனம்

பிலோமிக்கு வசனம் மறக்கவில்லை. வாய்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"முடியிழந்து வாழ்வதைவிட என் பேரப்பிள்ளைகள் மாண்டு போகட்டும்!" அவர்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் பாதுகாவலி புனித குளோத்தில்தா, அந்தக் காலத்தில் பிரான்ஸை ஆண்ட பிராங்குகளின் ராணி, கோபத்தில் சொன்ன சொல்லாம். ராயபுரம் கோயில் திருவிழாவுக்கு அவள் கதைதான் நாடகம்; ராணி வேஷம் பிலோமிக்கு. பெற்ற மகன்களே கத்தரிக்கோலையும் வாளையும் அனுப்பி, செத்துப்போன அண்ணனின் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று தாயைக் கேட்டார்கள். அங்கே முடி போனால் அரச உரிமையும் போச்சு. ராணி வாயை விட்டாள். இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை தப்பி, தன் முடியைத் தானே வெட்டி எறிந்துவிட்டுத் துறவியானான்.

டோப்பா வாங்க வக்கில்லாததால் மேடையில் ஒரே ஒரு இளவரசன்தான்: பிலோமியின் மகள் சாரா. ஏழு வயது, இடுப்புவரை முடி. கைக்குழந்தையில் ஜன்னி கண்டு பிழைத்ததற்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துவிட்ட முடி அது. அடுத்த மாதம் மொட்டை. அதுவரை கத்தரி படக்கூடாது. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாகட்டும் என்று சொல்ல எந்தத் தாய்க்கு நாக்கு வரும்?

"அண்ணே, அந்த வசனம் மட்டும் வோணாம்ணே. எம்புள்ள கூடவே நின்னுகினு கீது."

"நாடகம்தானே பிலோமி, இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?" என்றார் நாடகம் எழுதிய இக்னேஷியஸ்.

திருவிழா அன்று தட்டில் அட்டை வாளும், தையற்கார டெபோராவின் நிஜக் கத்தரிக்கோலும் வந்தன. வசனத்தை விழுங்கிவிடுவது என்று பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் மைக்கில் அது கேட்டது. கிழட்டுக் குரல், அவள் தொண்டைக்குள்ளிருந்தே வந்தது. சனம் கைதட்டியது. திரும்பிப் பார்த்தால் தட்டில் கத்தரிக்கோல் இல்லை, சாராவும் இல்லை.

திரைக்குப் பின்னால் ஓடினாள். சாரா தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி காதோடு போயிருந்தது.

"மாதாவோட முடிடீ! ஏன்டீ வெட்டிக்கின?"

"நீ சாகட்டும்னு சொன்னியேம்மா. வெட்டிக்கினா வுட்டுடுவாங்கன்னு அந்த ரெண்டு அண்ணனுங்க சொன்னாங்கோ."

"எந்த அண்ணனுங்க?"

"அவங்களும் இப்ப வெட்டிக்கினாங்கோ. நம்ம வூட்டுக்கு வர்றாங்களாம்."

அங்கே வேறு யாருமில்லை. பிலோமி மாதாவுக்குச் சேர வேண்டியதை முந்தானையில் அள்ளினாள். கருத்த முடிக்கு அடியில் கோதுமை நிறத்தில் இரண்டு நீளக் கற்றைகள் கிடந்தன. தொட்டால் ஈரம்.

சாரா எழுந்தாள். இரண்டு பக்கமும் யாருக்கோ கை கொடுத்தபடி, மெல்ல மேடைப் படியில் இறங்கினாள்.