நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்

"அந்த வரிய வெட்டுங்க சேர்," என்று இப்றாஹிம் ஹாஜியார் சட்டத்தரணியிடம் சொன்னபோது, தட்டச்சு மேசையில் இருந்த நஸீபாவுக்கு வாயெல்லாம் கசந்தது.

வெட்டச் சொன்னது ஒரே ஒரு வரி. 'என் சீவிய காலம் முழுவதும் மேற்படி வீட்டில் குடியிருக்கும் உரித்தை எனக்கு ஒதுக்கிக்கொண்டு.' காத்தான்குடியிலுள்ள தன் வீட்டை மகள் ஸுஹைனாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கப்போகும் ஸஹீதா, முந்தின நாள் வந்து கேட்டுப் போடுவித்த வரி அது. புருஷன் மௌத்தான பிறகு பதின்மூன்று வருஷம் குவைத்தில் அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் கழுவிக் கட்டிய வீடு. நாளைக்கு மருமகன் முகம் சுளித்தால் கால் நீட்ட ஒரு மூலை வேண்டாமா? கேட்டதில் என்ன பிழை?

மாப்பிள்ளையின் தகப்பன் ஹாஜியாருக்கோ அது பெரிய குற்றம். கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுக்க வேண்டுமாம். மாமியாரோடு பங்கு போட்டுக் குடியிருக்கத் தன் மகன் என்ன நாதியற்றவனா என்று கேட்டார். கேட்டுவிட்டு முந்திரிக்கொட்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சட்டத்தரணி பஹ்மி தலையை ஆட்டினார். சும்மா ஆள் இல்லை அவர். மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்தபடி மூன்று மாடிக் கட்டடம், கீழே ஏழு இளம் சட்டத்தரணிகள். உயில், சொத்து எழுதிக் கொடுக்கும் உறுதி, குடும்பச் சொத்து என்றால் ஏறாவூரும் ஓட்டமாவடியும் அவர் வாசலில்தான் நிற்கும். இத்தனையும் எப்படி வளர்ந்தது என்று கேட்டால், அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்குக் குளிர் அறை, தேநீர், முந்திரி. வீடு கொடுக்கிற பெண்களுக்கு வெளியே நடையில் உட்கார ஒரு மர வாங்கு. அதற்குப் பெயர் பெண்களுக்கான கண்ணியமாம்! உள்ளே பேச்சு முடிந்த பிறகுதான் பெண்ணைக் கூப்பிடுவார். கையெழுத்து வைக்க வேண்டிய இடமெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டிருக்கும். ஐந்து நிமிஷத்தில் ஆள் வெளியே. உறுதிச் செலவு பெண் வீட்டுக்கு, உபசாரம் மாப்பிள்ளை வீட்டுக்கு. இந்த மனுஷன்தான் மேடைக்கு மேடை சீதனக் கொடுமை பற்றிப் பேசிப் பொன்னாடை வாங்குகிறவர். பிள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற சாதி. த்தூ!

நஸீபா அந்த அறையின் தட்டச்சுக்காரி. பத்தொன்பது வருஷமாக எல்லா உறுதிக்கும் சாட்சியும் அவள்தான். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு வசனம் அடிப்பாள்: 'மேற்படி உறுதி வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது.' ஒருநாளும் யாரும் வாசித்ததில்லை. அவளுடைய உம்மாவும் தன் வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதி இதே மேசையில்தான் கையெழுத்து வைத்தாள். அந்த வீட்டை நஸீபாவின் புருஷன் விற்றுத் தின்றான். உம்மா ஏறாவூரில் வாடகை அறையொன்றில் கிடந்து மௌத்தானாள். கத்தம் ஓதி முடிந்த மறுநாளே நஸீபா வந்து இந்தக் கதிரையில் உட்கார்ந்து அடுத்த உறுதியை அடித்தாள். பஹ்மியைப் பார்த்து வருகிற அருவருப்பைவிடத் தன்னைப் பார்த்து வருகிற அருவருப்பு அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வரியை வெட்டி, அந்த இடத்தில் வழக்கமான வரியை அடித்தாள். வேறு என்ன செய்வாள்? தாயும் மகளும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். பஹ்மி தேனொழுகச் சிரித்து, பேனாவை ஸஹீதாவிடம் நீட்டி, புள்ளடியைக் காட்டினார். ஸஹீதாவுக்குப் பெயர் எழுத மட்டும்தான் தெரியும்.

"ஒரு நிமிசம் சேர். நான் வாசிச்சுக் காட்டுறன்," என்றாள் நஸீபா.

லுஹர் தொழுகைக்கு நேரமாகிறது, அதெல்லாம் எதற்கு என்றார் பஹ்மி. வாசித்ததாக உறுதியில் எழுதியிருக்கிறதே சேர் என்று சொல்லிவிட்டு அவள் தொடங்கிவிட்டாள். மகள் மீதுள்ள இயல்பான அன்பின் நிமித்தம் என்பதில் தொடங்கி, எவ்வித உரித்தும் எனக்கு ஒதுக்காமல் என்பதுவரை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"அதெண்டா என்ன புள்ள?" என்றாள் ஸஹீதா.

"கையெழுத்து வெச்ச நிமிசத்திலிருந்து அந்த ஊட்டுல நீங்க விருந்தாளி ராத்தா."

மாமியாரை வெளியே தள்ள நாங்கள் என்ன காபிர்களா என்று ஹாஜியார் சீறினார்.

ஸஹீதா அவரை நேரே பார்த்தாள். "தள்ள மாட்டீங்க எண்டா, அந்த வரி கிடந்தா என்ன ஹாஜியார்?"

ஹாஜியார் கதிரையைப் பின்னால் தள்ளினார். எழும்பி நின்று, கலியாண அழைப்பு ஊரெல்லாம் போயாச்சு, வேண்டாமென்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார். ஸஹீதா மகளைப் பார்த்தாள். இருபத்தேழு வயதுக் குமரு. நின்றுபோன கலியாணத்துக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பேனாவை எடுத்தாள். புள்ளடி போட்ட இடமெல்லாம் பெயர் எழுதினாள். கடைசிப் புள்ளடியில் கண்ணீர் விழுந்து மை கலங்கியது. பஹ்மி பக்குவமாகக் கடதாசியால் ஒற்றி எடுத்தார்.

"இனி மகள்," என்று தாளை ஸுஹைனா பக்கம் தள்ளினார்.

நஸீபா மிச்சமிருந்த ஒரே வரியையும் வாசித்தாள். எத்தனையோ நூறு தடவை அவள் விரல் அடித்த வரி. வாய் சொன்னது இன்றைக்குத்தான். "மேற்படி நன்கொடையை நான் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்."

ஸுஹைனா பேனாவை வாங்கினாள். உம்மாவின் கையைப் பார்த்தாள். சவர்க்காரத் தூளில் வெந்து தோல் தடித்த கை. பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"நான் ஏத்துக்கல்ல சேர்."

பஹ்மி சிரித்தார். "மகள், இது சும்மா ஒரு முறைக்கு வெக்கிற கையெழுத்து."

"சும்மா எண்டா, நான் வெக்காட்டியும் பறுவாயில்லதானே."

அவள் உம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் கதவைத் திறந்து போனபின் ஹாஜியார் பஹ்மியிடம் திரும்பினார். தாய்க்காரி எல்லா இடத்திலும் கையெழுத்து வைத்துவிட்டாளே, அது போதாதா என்று கேட்டார்.

பஹ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சியான நஸீபா பார்த்துக்கொண்டிருந்தாள், பொய் சொல்லித் தப்ப வழியில்லை.

"மகள் ஏத்துக்கிட்டாத்தான் நன்கொடை, ஹாஜியார்," என்றார் மெதுவாக. "இல்லாட்டி இது வெறும் கடதாசி."

அந்த அறையில் ஓர் உறுதி விளங்கப்படுத்தப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.