ஒரு டேங்க் தண்ணீர்

மருந்து அடிக்கிற டேங்க் வாங்க நானும் என் தம்பியும் சேர்ந்துதான் போனோம். அவன் தக்காளியும் என் தக்காளியும் ஒரே வாய்க்காலுக்கு இரண்டு பக்கம். ஆளுக்கொன்று எதற்கு, பாதிப் பாதி போட்டு ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னவன் அவன்தான்.

கடையில் அவன் கண் பெட்ரோலில் ஓடும் டேங்க் மேல் இருந்தது. அதை முடுக்கச் சொல்லி, அது போட்ட சத்தத்தில் முகம் மலர்ந்து நின்றான்.

"இதுதான்க்கா. அரை நாள் வேலை அரை மணியில முடிஞ்சிரும்."

"அதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டு விழுந்துரும். சுமக்கப் போறது நீ மட்டுமா?"

பேட்டரியில் ஓடும் டேங்கில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பச் சொன்னேன். அதை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அலமாரிக்கும் வாசலுக்குமாகக் கடைக்குள்ளேயே நடந்தேன். குனிந்தேன், நிமிர்ந்தேன். வார் தோளை அறுக்கிறதா, மூடி ஓரமாகத் தண்ணீர் முதுகில் வழிகிறதா என்று பார்த்தேன்.

"மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க போல," என்றார் கடைக்காரர்.

"மாப்பிள்ளைய எங்கப்பா பாத்தாரு. இதையாவது நான் பாக்குறேன்."

தம்பி சிரித்துவிட்டான். பேட்டரி டேங்க்தான் என்று முடிவாயிற்று. கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். "பூச்சிமருந்து, நோய்மருந்து எதுவேணா அடிங்க. களைக்கொல்லிய மட்டும் இதுல ஊத்தாதீங்க. வாஷர்லயும் டியூப்லயும் உக்காந்துக்கும், எவ்வளவு கழுவினாலும் கிளம்பாது. சோளம் அதத் தாங்கும். தக்காளி தாங்காது."

"என் சோளக்காட்டுக் களைக்குத்தான் வீட்ல பழைய கை டேங்க் கெடக்கே," என்றான் தம்பி. "இதுல களைக்கொல்லி ஊத்தினேன்னா என் கைய வெட்டிப் போடுக்கா."

அவன் கையை நான் வெட்டுவேனா. அவனைச் சுமந்து திரிந்த இடுப்பு இது.

டேங்க் என் வீட்டில்தான் இருந்தது. சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், பிளக்குக்குக் கீழே. வேண்டும்போது தம்பி வந்து எடுத்துப் போவான். வேலை முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து கவிழ்த்து வைப்பான்.

அந்த முறை போட்ட தக்காளியைத்தான் நான் மலைபோல் நம்பியிருந்தேன். நிலம் குத்தகை. போன தடவை விளைச்சல் சரியில்லை என்று நிலத்துக்காரர் முகம் சுளித்துவிட்டார். "இந்தக் காய் எப்படி வருதுன்னு பாத்துட்டு மேல பேசலாம்மா," என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் லாரி எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. நிலம் கைவிட்டுப் போனால் நான் அடுத்தவர் வயலில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

செடி பிஞ்சு பிடித்த நேரத்தில் புழு தென்பட்டது. காலையில் காற்று எழும்புவதற்கு முன்பே மருந்தைக் கலந்தேன். தம்பி தன் வரப்பிலிருந்து இறங்கி வந்து, டேங்கைத் தூக்கி என் முதுகில் ஏற்றினான். வார் ஓரிடத்தில் முறுக்கியிருந்தது. அதையும் நேராக்கிவிட்டான்.

"காத்துக்கு எதிரா அடிக்காதக்கா, மூஞ்சில படும்," என்றான்.

இரண்டே நாளில் கொழுந்துகள் முறுக்கிக்கொண்டன. தண்டு கோணிக்கொண்டு தரையைப் பார்த்தது. அதற்குப் பிறகு வந்த இலை இலையாகவே இல்லை, நூல்நூலாக வந்தது. பூவெல்லாம் கொட்டிவிட்டது.

தம்பி ஒரு கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"வைரஸ்க்கா. நாத்துலயே வந்திருக்கும். அந்த ஆள்கிட்ட வாங்காதேன்னு அப்பவே சொல்லல? புடுங்கி எரிச்சிரணும். இல்லேன்னா எனக்கும் பரவும்."

அவன் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் தம்பி சொன்னால் சொல்லியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றியது. நேராக நாற்றுக்காரர் வீட்டுக்குப் போய், நான்கு பேர் பார்க்க வாசலில் நின்று, வாய்க்கு வந்ததெல்லாம் கத்திவிட்டு வந்தேன். மறுநாள் செடிகளைப் பிடுங்கினோம். தம்பியும் கூட நின்றான். என்னைவிட வேகமாகப் பிடுங்கினான். எனக்கு அழுகை வந்தபோது, "விடுக்கா, நான் இருக்கேன்ல," என்றான்.

நிலத்துக்காரர் வந்தார். வெறும் பாத்தியைப் பார்த்தார். செருப்பிலிருந்த மண்ணை வரப்பில் தட்டினார். "வேற ஆள் கேக்குறாங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று மட்டும் என்னை நெருடிக்கொண்டே இருந்தது. முதல் தடவை டேங்கை நிரப்பி அடித்த வரிசைகள்தான் படுமோசம். கடைசியாக அடித்த வரிசைகளில் முறுக்கல் குறைவு. வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய், நான் மருந்து அடித்த வரிசைப்படியா வரும்? வயிற்றெரிச்சலில் கண்டதையும் யோசிக்கிறேன் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

தன் பெட்ரோல் டேங்கோடு வந்து வாடகைக்குத் தோட்டம் தோட்டமாக மருந்து அடித்துக் கொடுப்பவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் நெட்டையர்தான். பஞ்சர் கடையில் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அக்காவும் தம்பியும் புது டேங்க் வாங்கி என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். தம்பி பரவால்லம்மா. மறக்காம என்னையே கூப்பிட்டாரு."

"எதுக்கு?"

"அவரு தக்காளிக்குத்தான். நீங்க மருந்து அடிச்சீங்களே, அதுக்கு முந்தின நாளு. புது டேங்க் இருக்கும்போது ஏன்யா வாடகைன்னு கேட்டேன். பேட்டரில சார்ஜ் நிக்கலேன்னாரு."

பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையாம். மறுநாள் என் வயல் முழுக்க ஓடிய பேட்டரி.

நெட்டையரிடம் என்ன சொல்லி விடைபெற்றேன் என்று தெரியாது. தம்பியின் சோளக்காட்டு வழியாகத் திரும்பினேன். களையெல்லாம் கருகிக் கிடக்க, சோளம் மட்டும் நிமிர்ந்து நின்றது. அவன் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். பழைய கை டேங்க் கைப்பிடி உடைந்து, சிலந்தி வலை கட்டி, மூலையில் கிடந்தது.

அப்படியென்றால் களைக்கொல்லியைப் புது டேங்கில்தான் ஊற்றியிருக்கிறான். அவனுக்குத் தெரியும். தன் தக்காளிக்கு அந்த டேங்கை அவன் தொடவில்லை. என் முதுகில் மட்டும் ஏற்றினான். வாரை வேறு நேராக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து டேங்கை எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிக் கொட்டி, மறுபடியும் கழுவினேன். நல்ல தண்ணீர் நிரப்பினேன். திண்டில் வைத்து நானே முதுகில் ஏற்றிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினேன்.

அவன் தக்காளி அடர்பச்சையாக நின்றது. கீழ்க்காய்களில் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. அவன் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, டேங்கோட வந்திருக்க?"

"எனக்குத்தான் வேலை இல்லையே. உன் செடியெல்லாம் ரோட்டுப் புழுதி. தண்ணி அடிச்சுக் கழுவி விடலாம்னு வந்தேன்."

"மருந்து எதுவும் வேணாம்க்கா. நேத்துதான்..."

"மருந்து இல்லடா. தண்ணி." மூடியைத் திறந்து காட்டினேன். அடிவரை தெளிவாகத் தெரிந்தது.

சுவிட்சைப் போட்டேன். மோட்டார் முனகியது. நாசிலை முதல் செடிக்கு நேராக நீட்டினேன். அவன் கையிலிருந்த சணல் உருண்டை கீழே விழுந்து உருண்டது. இரண்டு எட்டில் வந்து, தெளிக்கும் குழலைப் பிடித்து மேலே திருப்பினான். தண்ணீர் எங்கள் இரண்டு பேர் தலையிலும் தூறியது.

"வேணாம்க்கா."

"தண்ணிதாண்டா."

"தண்ணியா இருந்தாலும் வேணாம்க்கா."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. குழலை விடவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"கை டேங்க் ஒடஞ்சு போச்சுக்கா. ஒரே ஒரு தடவைதான் ஊத்தினேன். நல்லாக் கழுவினேன். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னா நெட்டையர எதுக்குக் கூப்பிட்ட?"

குழலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்து வாரைக் கழற்றினேன். டேங்கைப் பின்னாலிருந்து பிடித்து இறக்கிவிடுவது எப்போதும் அவன்தான். பழக்கத்தில் அன்றும் கையை நீட்டினான். நான் விலகிக்கொண்டு, நானே குனிந்து, அவன் முதல் செடியின் காலடியில் டேங்கை இறக்கி வைத்தேன்.

"என் பாதியையும் நீயே வச்சுக்கோ," என்றேன்.

அக்கா என்று அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் நாற்றுக்காரர் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அன்று கத்திவிட்டு வந்த அந்த வாசலில் போய் நின்று எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தேன்.