வசனம் இல்லாத பிள்ளை

வயரிங்காரர் பிடித்த பிடியை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. தெருக்கோடி மாடியறையில் கூடும் சின்னச் சபைக்கு அவர்தான் வேதபாடம் நடத்துபவர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். அதில் இல்லாத எதையும் விசுவாசிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். எந்த வசனத்தை எடுத்தாலும், "பேசறது யாரு? கர்த்தரா, மனுஷனா? அதை முதல்ல பாருங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது, பாவம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தது. இரண்டாம் நாள், மனைவியின் அண்ணன், பிறந்த வீட்டுப் பழைய தேவாலயத்தை இன்னும் விடாதவர், பாதிரியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, ரெண்டு சொட்டுத் தண்ணி. ஞானஸ்நானம் இல்லாம போயிட்டா புள்ளைக்கு மோட்சம் இல்லையேன்னு தங்கச்சி கெஞ்சிக் கேக்கறா."

"கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி ஒரு வசனம் காட்டுங்க மச்சான். வழி விடறேன்."

ஆதிகாலத்திலிருந்து சபை செய்துவருவதுதானே என்றார் பாதிரியார். "ஆதிகாலம் இருக்கட்டும் ஐயா, வசனம்?" என்று வார்டு வாசலில் குறுக்கே கையை நீட்டி நின்றார் மனுஷன். அன்று சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

புதைத்துவிட்டு வந்த நாலாம் நாள், ஆபரேஷன் தையலைப் பிடித்துக்கொண்டு மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி ஜுரம் வேறு.

"புள்ள இப்ப எங்கங்க இருக்கா?"

இதற்கு அவர் தயாராகத்தான் இருந்தார். நாலு நாளாய் வேறென்ன வேலை? "தாவீது ராஜாவோட குழந்தை செத்தப்போ, நான் அதுகிட்ட போவேன்னு சொன்னாரே."

"பேசறது ராஜாதானே? கர்த்தர் இல்லையே."

அவர் பக்கங்களைப் புரட்டினார். இயேசு குழந்தைகளை அணைத்துக்கொண்ட இடத்தைக் காட்டினார். "அதெல்லாம் உயிரோட இருந்த புள்ளைங்க" என்றாள். அவரை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் அவரிடம் பாடம் கேட்டவளுக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை.

கடைசியில் அவளே புத்தகத்தை மூடினாள். "வசனம் வேணாம். அவ நல்லா இருக்கான்னு உங்க வாயால சொல்லுங்க. எனக்கு அது போதும்."

ஐயோ, அதையாவது சட்டென்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! மூடிய புத்தகத்தைத் திரும்பவும் திறக்கப் போனார், கீழே வைத்தார், தரையைப் பார்த்துக்கொண்டே, "கர்த்தர்கிட்ட நல்லா இருக்கா" என்றார்.

அவள் அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லக்கூட வரலையேங்க" என்று கதறினாள்.