வலது ஓரத்துக்கு ஓர் ஆள்

விமானம் மெரிடியன் ஊரைத் தாண்டியும் இறங்காமல் மேற்கே போய்க்கொண்டிருந்தபோதே வெர்லீனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. டால்பட் பல்கலைக்கழகத்தின் புட்பால் கோச் ஏறிப் போகிற சின்ன விமானம் அது. அதன் வாலில் எழுதியிருக்கும் எண் அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம். எண்ணைப் போனில் அடித்தால் வரைபடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி நகரும். புள்ளி எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊரில் ஏதோ ஒரு பையனுக்குக் கோச் வலை விரிக்கிறார் என்று அர்த்தம். பெற்ற பிள்ளை ராத்திரி எங்கே சுற்றுகிறான் என்று தெரியாதவர்கள்கூட, கோச் எங்கே சுற்றுகிறார் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

வெர்லீன், லெதர்வுட் என்கிற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட பிறகு மத்தியானம் வரை ஓட்டுநர்கள் எல்லாரும் டிப்போவின் ஓய்வறையில்தான் கிடப்பார்கள். ஒரு காபிப் பானை, சாசேஜ் பிஸ்கட், ஓயாத புட்பால் பேச்சு. அந்தப் பேச்சில் வெர்லீனை மடக்க அங்கே ஆள் கிடையாது. டால்பட் அணியில் எந்த இடத்துக்கு எத்தனை பேர், எவன் இந்த வருஷத்தோடு படிப்பை முடிக்கிறான், எவனுக்கு முழங்கால் சரியில்லை, எவனுக்கு மூளை சரியில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் புருஷன் ஹோய்ட்டுக்குப் புட்பால் என்றாலே ஆகாது. தன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை மறந்துவிடுகிற பெண்டாட்டி, யாரோ பெற்ற பிள்ளையின் முழங்காலை மறப்பதில்லையே என்று அவனுக்கு ஒரு நிரந்தர வருத்தம் உண்டு.

அந்த வருஷம் டால்பட்டின் வலது ஓரம் ஓட்டையாகக் கிடந்தது. அமெரிக்கப் புட்பாலில் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பந்தைக் கையால் எறிவதற்குள் எதிராளி வந்து மேலே விழாமல் தடுக்க வரிசையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு மலைகள் நிற்கவேண்டும். டேக்கிள் என்பது அவர்களுக்குப் பெயர். இடது ஓரத்தில் மலை இருந்தது. வலது ஓரத்தில் மூன்று பேரை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தும் மூன்றும் மண்மேடுகள். பள்ளிக்கூடத்துப் பையன்களை எடுத்து வளர்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, வேறு கல்லூரியிலிருந்து முற்றிய ஆளாக ஒருவனைக் கொண்டுவர வேண்டும் என்று வெர்லீன் இரண்டு மாதமாக ரசிகர் குழுவில் எழுதி எழுதி விரல் தேய்ந்திருந்தாள். கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயர் கொடுத்துவைக்கும் போர்ட்டலில் அப்படி ஒருவன் வந்தும் இருந்தான். ரென்ஃப்ரோ. இருபத்திரண்டு வயது. மூன்று வருஷம் ஆடித் தேறியவன். அவனுடைய ஊர் லூசியானாவில், மன்ரோ.

மஞ்சள் புள்ளி மன்ரோவில் இறங்கி நின்றது.

"இறங்கிட்டாருய்யா! மன்ரோவுலதான் இறங்கியிருக்காரு! ரென்ஃப்ரோ நமக்குத்தான்!" என்று வெர்லீன் மேஜையைத் தட்டினாள். காபி தளும்பியது.

எதிரே உட்கார்ந்திருந்த லெஸ்டர் போன் திரையை எட்டிப் பார்த்தான். அவனும் ஓட்டுநர்தான், ஆனால் எதிரணிக்காரன். முப்பது வருஷமாக அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழே சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

"வரட்டும், வரட்டும். உங்க குவார்ட்டர்பேக் இந்த வருஷம் நின்ன நேரத்தவிட மல்லாந்து படுத்திருந்த நேரம்தான் ஜாஸ்தி. பாவம், அவனுக்கு ஒரு தலைகாணியாவது வாங்கிக் குடுங்க."

"வயித்தெரிச்சல்! அடுத்த வருஷம் பாரு, எவனும் கிட்ட நெருங்க முடியாது."

"அது சரி, உங்க ஆளுங்க கணக்கு ஏற்கெனவே நெறைஞ்சு போச்சுன்னு நீதானே சொன்ன? இவன உள்ள விடணும்னா யாரக் கழட்டி விடுவாங்க?"

லெஸ்டர் வம்புக்குத்தான் கேட்டான். வெர்லீனும் பழக்கதோஷத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். உதவித்தொகை எண்பத்தைந்து பேருக்குத்தான். எண்பத்தைந்தும் பேசி முடித்தாகிவிட்டது. உள்ளே இருக்கிறவர்களில் எவனும் கிளம்பவில்லை. அப்படியானால் நாளைக்கு அணியில் சேரக் கையெழுத்துப் போட வேண்டிய புதுப் பையன்களில் ஒருவனைத்தான் கைவிட வேண்டும். திறமைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியவனைக் கைவிடமாட்டார்கள், நான்கு வாங்கியவனையும் விடமாட்டார்கள். மூன்று நட்சத்திரத்தில் இரண்டு பேர். ஒருவன் பந்து உதைக்கிறவன், அவன் வேண்டும். இன்னொருவன் டேக்கிள்.

கணக்கு அங்கேயே நின்றது. அந்த இன்னொருவன் கென்ட்ரெல். பக்கத்து அறையில் உட்கார்ந்து பேருந்துகளை வயர்லெஸ்ஸில் அனுப்பிவைக்கிற ஒடெசாவின் மகன். நாலு வயதில் தன் பேருந்தில் ஏறும்போது வெர்லீனே படிக்கு இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்ட பிள்ளை. இன்றைக்கு அவன் ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. எட்டாவது படிக்கும்போதே முழங்கால் எந்த இருக்கையிலும் அடங்காமல் போனதால் அவளுக்கு நேர் பின்னால் முதல் இருக்கையில் காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்காருவான். போன கோடையில் டால்பட் அவனைக் கேட்டபோது ஒடெசா தயங்கினாள். மலைப்பக்கம் இருக்கும் கார்வின் கல்லூரி என்ற சின்னக் கல்லூரி அவனை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே போனால் முதல் வருஷமே ஆடலாம். "டால்பட் கூப்பிட்டு வேணாம்னு சொல்றதா? உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா?" என்று சண்டைபோட்டுச் சம்மதிக்கவைத்தது வெர்லீன்தான். தன் பேருந்திலிருந்து ஒரு பையன் டால்பட்டுக்குப் போகிறான் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அதே நேரத்தில் ஒடெசா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். நாளைக் காலையில் பள்ளிக்கூடத்து ஜிம்மில் மேஜை போட்டு, கல்லூரித் தொப்பிகள் வைத்து, ஊர் முன்னால் கையெழுத்து. அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் டெட்ராயிட்டிலிருந்து காரில் கிளம்பியாகிவிட்டது. கேக்குக்கு மேலே டால்பட்டின் அரக்குச் சிவப்பு சரியாக வந்திருக்கிறதா என்று போனில் படத்தைக் காட்டி வெர்லீனிடம் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"கொஞ்சம் ஊதா அடிக்குது, இல்ல வெர்லீனக்கா? உனக்குத்தான் சரியாத் தெரியும்."

"நல்லாத்தான் இருக்கு." வெர்லீன் படத்தைப் பார்க்காமலே சொன்னாள். "ஒடெசா, அந்தக் கார்வின் கோச் அப்புறம் பேசினாரா?"

"காலைல பேசினாரு. தங்கமான மனுஷன்கா. சாயங்காலம் வரைக்கும் இடத்த வெச்சிருக்கேன், அதுக்கு மேல இன்னொரு பையனுக்குக் குடுத்துடுவேன்னாரு. எனக்கே சங்கடமாப் போச்சு."

"வேணாம்னு சொல்லிட்டியா?"

"சொல்லத்தானே வேணும்? டியூட்டி முடிஞ்சதும் சொல்லிடுறேன். ஏன்கா?"

வெர்லீன் காபியைப் பார்த்தாள். என்ன சொல்வது? ஒரு மஞ்சள் புள்ளி மன்ரோவில் நிற்கிறது என்றா? கோச் யாரையோ பார்க்கப் போயிருக்கலாம். ரென்ஃப்ரோ வரமாட்டேன் என்று சொல்லலாம். தன் பேச்சைக் கேட்டுக் கென்ட்ரெல் கார்வினுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, நாளைக்கு டால்பட்டில் அவனுக்கு இடம் இருந்தது என்று தெரிந்தால் ஒடெசா அவள் முகத்தில் விழிப்பாளா? சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஊர் கூடிய பிறகு கையெழுத்துப் போடுவதற்குத் தாளே வராமல் போனால்?

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறுத்துச் சொல்லு," என்றாள்.

ஒடெசா போனதும் லெஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தான். கிண்டல் முகம் போயிருந்தது. வெர்லீன் போட்ட கணக்கு அவனுக்கும் போடத் தெரியும்.

"அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையா ஆயிடப் போகுது, வெர்லீன். சொல்லிடு."

"தப்பாப் போச்சுன்னா?"

"நீ எப்ப தப்பா சொல்லியிருக்க? அதுதானே உன்கிட்ட எனக்குப் பிடிக்காததே."

மத்தியானம் வரை வெர்லீன் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ரசிகர் குழுவில் ஒரே கொண்டாட்டம். ரென்ஃப்ரோ வீட்டு வாசலில் அரக்குச் சிவப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் நிற்கிற படத்தை யாரோ போட்டிருந்தார்கள். வலது ஓரம் அடைபட்டது, இனி கோப்பை நமக்கே என்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தான். கைவிட வேண்டியது அந்த லெதர்வுட் பையனைத்தான், அவன் கால் மெதுவு என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நூறு பேர் தலையாட்டியிருந்தார்கள். எழுதியவன் முகத்தில் அறைய வேண்டும் என்று வெர்லீனுக்குத் தோன்றியது. அவன் சொன்னது சரிதான் என்பதால் கோபம் இன்னும் கூடியது. கென்ட்ரெலுக்குக் கால் மெதுவுதான். இரண்டு வருஷம் வளர்த்தால் சரியாகும் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் கென்ட்ரெல் வழக்கம்போலப் படியில் குனிந்து ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டினான். தலையில் அரக்குச் சிவப்புத் தொப்பி. ஒவ்வொரு நிறுத்தமாகப் பிள்ளைகள் இறங்க இறங்கச் சத்தம் குறைந்தது. இன்னும் இரண்டு நிறுத்தம் பாக்கி இருந்தபோதுதான் வெர்லீனுக்கு வாய் வந்தது.

"கென்ட்ரெல், டால்பட்ல உன் கோச் கடைசியா எப்ப பேசினாரு?"

"போன வாரம், மேடம்."

"இன்னிக்கு?"

"காலைல நான் கூப்பிட்டேன். எடுக்கல. அப்புறம் மெசேஜ் போட்டிருந்தாரு." போனை அவள் தோளுக்கு மேலே நீட்டிக் காட்டினான். எல்லாம் சரியாக இருக்கிறது, பெரியவனே, அப்புறம் பேசலாம் என்று இருந்தது. கூடவே ஒரு கட்டைவிரல்.

வெர்லீன் இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனையோ பையன்களின் கதையைப் படித்திருக்கிறாள். வேண்டும் என்றால் அவர்கள் பேசுவார்கள். விடாமல் பேசுவார்கள். அம்மாவிடம் பேசுவார்கள், பாட்டிக்கு உடம்பு எப்படி என்று கேட்பார்கள். கட்டைவிரல் அனுப்பமாட்டார்கள்.

"மன்ரோவுல ஒருத்தன் இருக்கான்," என்று ஆரம்பித்தாள்.

"ரென்ஃப்ரோ. பசங்க காட்டினாங்க, மிஸ் வெர்லீன்." கென்ட்ரெல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அம்மாவுக்குத் தெரியாது. மாமாங்க ரெண்டு பேரும் கிளம்பி வந்துட்டிருக்காங்க. கேக்குக்குச் சொல்லியாச்சு. எப்படிச் சொல்றது?"

எல்லாம் தெரிந்தே பையன் நாள் முழுக்க அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். வெர்லீனுக்குக் கண் கலங்கியது. ரோட்டைப் பார்க்க முடியாமல் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா, மேடம்? நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

"கேளு."

"அந்த இடத்துல நீங்க கோச்சா இருந்தா யார எடுப்பீங்க? என்னையா, அவனையா?"

பின்னால் ஒரு சின்னப் பெண் ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வெர்லீன் நினைத்திருந்தால் உன்னைத்தான் ராஜா என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவன் அம்மா சொல்லியிருப்பாள். பாதிரியார்கூடச் சொல்லியிருப்பார்.

"அவன," என்றாள் வெர்லீன்.

கென்ட்ரெல் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. "நானும்தான்," என்றான்.

அவன் இறங்குமிடம் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் தபால் பெட்டி, அங்கிருந்து உள்ளே போகிற மண் பாதை, பாதை முடிவில் வீடு. வீட்டுக்குள் போன் வேலை செய்யாது. யாரிடமாவது பேசவேண்டும் என்றால் இந்தத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசியாக வேண்டும். வெர்லீன் பேருந்தை நிறுத்திச் சிவப்பு விளக்குகளைப் போட்டாள். பக்கவாட்டிலிருந்து நிறுத்தப் பலகை விரிந்தது. பிள்ளை ரோட்டைக் கடந்து பத்திரமாக நிற்கும்வரை, அந்தப் பலகை மடங்கும்வரை, இரண்டு பக்கத்திலும் எந்த வண்டியும் அசையக்கூடாது.

கென்ட்ரெல் கடந்து போய் நின்றான். போனை எடுத்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான், பெரியவர்களிடம் பேசும்போது செய்வதுபோல. யாரைக் கூப்பிடுகிறான் என்று வெர்லீனுக்குத் தெரியவில்லை. டால்பட்டை நேருக்கு நேர் கேட்டுவிடலாம் என்றா, சாயங்காலம் வரை இடத்தை வைத்திருக்கும் கார்வினையா, இல்லை தன் அம்மாவையா? போனைக் காதில் வைத்து அவன் காத்துக்கொண்டிருந்தான்.

எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. பின்னால் ஒரு பிக்கப், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி. பிக்கப்பின் ஜன்னலில் டால்பட் கொடி படபடத்தது. அதை ஓட்டிவந்தவன் லேசாக ஹார்ன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து அழுத்தியே அடித்தான்.

"மிஸ் வெர்லீன், போகலாமா?" என்று சின்னப் பெண் கேட்டாள்.

"பொறு கண்ணு."

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கென்ட்ரெலின் உதடு அசைய ஆரம்பித்தது. அந்தப் பெரிய உடம்பு முழுவதும் முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தது. வெர்லீன் பலகையை மடக்குகிற பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன. நெடுஞ்சாலை இரண்டு பக்கமும் நின்றது.