பற்றவைக்காத கரி

கட்டிலுக்குக் கீழே குனிந்து, நேற்றைய கரித்தட்டத்தை வெளியே இழுத்துவிட்டு, வெயிலில் காய்ந்த கரித்தட்டத்தை நமசிவாயம் உள்ளே தள்ளும்போது மணி ஆறு பத்து. சத்தம் கேட்காமல் தள்ளவேண்டும் என்றுதான் பார்த்தார். பராசக்தி விழித்தே கிடந்தாள்.

“இஞ்சேருங்கோ, கொழுந்தை வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ.”

“அவை இப்ப உடுப்பிட்டியாலை வெளிக்கிட்டிருப்பினம். ஆரைக் கொண்டு சொல்லிவிடுறது?”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கொழுந்து என்றால் சிவக்கொழுந்து, பராசக்தியின் ஒரே தங்கை. தாய் போனபோது அவளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து தமக்கை கலியாணம் முடித்துப் போகும்வரை அவளுடைய பாயில்தான் படுத்தவள். ஆடி மாதம் பார்க்க வந்தவள், அறை வாசலில் கால் வைத்ததும் வைக்காததுமாகச் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டாள். அடுத்த நொடியே வியர்வை துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துச் சமாளித்தாள். ஆனாலும் பராசக்தி கண்டுவிட்டாள். தங்கை போனபின், “இனி ஒருத்தரையும் உள்ளை விடாதேங்கோ” என்றாள்.

பராசக்தியின் மார்பில் வந்த கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொழும்புக்குப் போவதென்றால் சண்டை நடக்கிற கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டவேண்டும். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நோயின் வருத்தத்தைவிடப் புண்ணின் மணம்தான் அவளைத் தின்றது. கொக்குவிலில் எந்த வீட்டுக் கலியாணத்துக்கும் பலகாரம் சுட முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள். தன் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளால் முடியாது. தங்கையைப் பக்கத்தில் வைத்திருக்க ஆசை, அவள் முகம் சுளித்துவிடுவாளோ என்று பயம். இரண்டையும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவருக்குச் சொல்லித்தானா தெரியவேண்டும்?

நமசிவாயம் முதலில் செய்தது ஒரு பிழை. உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்துக்கே தட்டுப்பாடான காலத்தில் எங்கெங்கோ அலைந்து ஒரு கைப்பிடி சாம்பிராணி தேடிக்கொண்டு வந்தார். தென்னந்தும்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு மூட்டி, பட்டப்பகலில் அறை முழுக்கப் புகை பிடித்தார். வெள்ளியுமில்லை, விரதமுமில்லை. சாம்பிராணிப் புகை வேலிக்கு மேலால் எழும்பினால் ஊர் என்ன நினைக்கும்? அரை மணித்தியாலத்துக்குள் பக்கத்து வளவு ஏரம்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்லத் தலையைக் குனிந்தபடி வேலிப் படலையைத் திறந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

“எத்தனை மணிக்கு, நமசிவாயம்? பந்தலுக்கு ஆள் அனுப்பிப்போட்டுத்தான் வாறன்.”

உள்ளேயிருந்து இருமலுக்கு நடுவே பராசக்தியின் குரல் வந்தது.

“ஏரம்பண்ணை, உங்களை ஏமாத்திப்போட்டன். பந்தல்காரனை நாலு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ.”

ஏரம்பு சால்வையை அவிழ்த்துத் தோளில் போடவும் தெரியாமல், திரும்பிப் போகவும் தெரியாமல் நின்ற நிலையைப் பார்த்து நமசிவாயத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. புகை ஏறி அவளுக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. நெஞ்சு ஏறி இறங்க, புண் கசிய, அவர் செருப்பில்லாமல் வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை வழியே ஓடினார். ஒழுங்கை முடிவு வீட்டில் யோசப்பின் இருந்தாள். ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற பகுதியில் இருபது வருஷம் வேலை செய்கிறவள்.

யோசப்பின் வந்து யன்னல்களை விரியத் திறந்து, நோயாளியை நிமிர்த்திச் சாய்த்து, இழுப்பு அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து ஒரே ஒரு பாடம் சொன்னாள்.

“ஐயா, மணத்துக்கு மேலை மணம் போட்டால் ரெண்டும் சேர்ந்து மூண்டாவதொண்டு வரும். முதல் உள்ளதை எடுக்கவேணும். வீட்டிலை தேங்காய்ச் சிரட்டைக்கரி கிடக்கே?”

“ஒரு சாக்கு கிடக்கு. எப்ப பத்தவைக்கிறது?”

“பத்தவே வைக்கிறேல்லை ஐயா. சும்மா நொருக்கி வையுங்கோ. கரி தன்ரை பாட்டிலை மணத்தை இழுக்கும்.”

அன்றிலிருந்து ஒன்றைவிட்டு ஒருநாள், வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அவள் வருவாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, ஊறிய துணியை எடுத்து, நடுவில் கரித்தூள் வைத்துத் தைத்த துணியை மேற்கட்டாகக் கட்டிவிடுவாள். என்ன வேண்டும் என்று கேட்டால் முருங்கைக்கீரை ஒரு கட்டு போதும் என்பாள். மற்றதெல்லாம் நமசிவாயத்தின் பொறுப்பு. தும்பு மெத்தையை எடுத்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் வெளுத்த பழஞ்சேலைகள் நாலு மடிப்பு. அழுக்குத் துணி ஒரு நிமிஷமும் அறையில் கிடக்கக் கூடாது. நொச்சி இலை அவித்த தண்ணீரில் நிலம் துடைக்கவேண்டும். எலுமிச்சை மணமுள்ள தேசி இலையைக் கசக்கி, ஆளுக்குத் தூரமாக, யன்னல் விளிம்பில் ஒரு கோப்பையில் வைக்கவேண்டும். மல்லிகை கூடவே கூடாது. வருத்தக்காரருக்கு அது குமட்டும்.

அவர் கொக்குவில் ஸ்டேஷனில் ரிக்கற் கொடுத்து ஓய்வு பெற்றவர். ரயில் நின்று இரண்டு வருஷமாகிவிட்டது. அவருடைய நேரசூசி மட்டும் நிற்கவில்லை. கலண்டர் மட்டையின் பின்புறம் எழுதிச் சுவரில் தொங்கியது. ஆறு பத்து கரி, ஆறு நாற்பது யன்னல், ஏழு ஐந்து நிலம். “எண்டைக்காவது பிந்தி வருமோ?” என்று பராசக்தி படுக்கையிலிருந்து கேட்பாள். “இது மெயில். பிந்தாது” என்பார் அவர்.

இன்று எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. ஆனாலும் அவள் கேட்டாள்.

“மணக்குதோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

அவருக்குத் தெரியவில்லை. அதுதான் சங்கடம். நாள் முழுக்க அறைக்குள் கிடக்கிற மூக்கை எப்படி நம்புவது? வழக்கமாக அவர் படலைக்கு வெளியே போய்க் கால் மணித்தியாலம் நின்று, புதுமூக்கோடு உள்ளே வந்து பார்ப்பார். இன்று அதையும் நம்பாமல் ஏரம்புவைக் கூப்பிட்டார். முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான். சாம்பிராணிக் கதைக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவுமில்லை.

ஏரம்பு வாசலில் நின்று நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். உள்ளே வந்து கட்டிலுக்குக் கிட்ட நின்று இன்னொன்று.

“தேசி இலை. கொஞ்சம் மருந்து. வேறையொண்டுமில்லை.” பிறகு கதிரையை இழுத்து இருந்தார். “என்ரை வீட்டை விட இது பறவாயில்லை தங்கச்சி. மழைக்கு என்ரை மனிசி ஆட்டைக் கொண்டுவந்து என்ரை கட்டில் காலிலை எல்லோ கட்டுறாள்.”

பராசக்தி சிரித்தாள். ஏரம்பு எழும்பிப் போக அவசரப்படவில்லை. அதை அவள் பார்த்துக்கொண்டிருந்ததை நமசிவாயமும் பார்த்தார். ஏரம்பு போனபின், தலையை வாரிவிடும்படி கேட்டாள்.

பத்தரைக்குச் சிவக்கொழுந்து வந்து சேர்ந்தாள். கணவன் அருளம்பலம் அத்தனை தூரமும் சைக்கிளில் ஏற்றி மிதித்து வந்திருந்தான். அவன் கிணற்றடிக்குப் போக, அவள் நேரே அறைப்பக்கம் நடந்தாள். நமசிவாயம் கூடவே போனார். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தார். கட்டிலிலிருந்து இன்னும் இரண்டு கண்கள் அதே கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கை வாசல் நிலையைப் பிடித்தது. பிறகு கதிரையை. பிறகு கதிரையையும் விட்டுவிட்டுத் தமக்கையின் கன்னத்துக்குப் போனது.

“மெலிஞ்சு போனியள் அக்கா.”

“நீயும்தான். இவ்வளவு தூரம் சைக்கிளிலை. நாரி, இடுப்பு நோகேல்லையே?”

“நோகுதுதான். கொஞ்சம் தள்ளிப் படுங்கோ.”

பராசக்தி நமசிவாயத்தைப் பார்த்தாள். அவர் தலையணையைச் சரிப்படுத்தி, புண்ணில்லாத பக்கமாக இடம் ஒதுக்கிவிட்டார். ஐம்பது வயதுச் சிவக்கொழுந்து அந்த ஒடுங்கின கட்டிலில் கால்களை மடக்கி, தமக்கையின் தோளில் நெற்றி முட்டப் படுத்தாள்.

அவர் குசினிக்குப் போய் அடுப்பு மூட்டினார். ஈர விறகு, நேரமெடுத்தது. அறையில் இரண்டு பேரும் கதைப்பது கேட்டது. பழைய வீட்டு மாமரத்தைப் பற்றி, யாரோ ஒரு மச்சாளின் வாயைப் பற்றி. ஒருதரம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு பேச்சு மெலிந்தது. தேத்தண்ணியோடு அவர் திரும்பியபோது இருவரும் கண் மூடிக் கிடந்தார்கள். சிவக்கொழுந்தின் கை தமக்கையின் கைமேல். தங்கையின் மூச்சுக்கு மேலிருந்த கை ஏறி இறங்கியது. அடியிலிருந்த கை அசையவில்லை.

நமசிவாயம் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பராசக்தியின் நெற்றியில் சுருக்கம் ஒன்றுமில்லை. மூக்கடியில் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சிவக்கொழுந்து பதினெட்டு மைல் சைக்கிளில் வந்தவள். எழுப்ப மனம் வரவில்லை. கதிரையில் இருந்தார். யன்னலால் காற்று வந்து தேசி இலையை ஒருமுறை அசைத்தது. தேத்தண்ணி இரண்டும் ஆறி ஆடை கட்டியது. அதற்குப் பிறகுதான், “கொழுந்து” என்று மெல்லக் கூப்பிட்டார்.

பராசக்தியின் மகன் ஜேர்மனியில், செய்தி போய்ச் சேரவே பத்து நாளாகும். ஐஸ் இல்லை, வைத்திருக்க வழியுமில்லை. அடுத்த நாள் பகலே பிரேதத்தை எடுப்பதென்று முடிவாயிற்று. இந்த முறை ஏரம்பு பந்தலுக்கு ஆள் அனுப்ப முதல் நமசிவாயத்திடம் வந்து கேட்டுக்கொண்டுதான் அனுப்பினார். சாம்பிராணிக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அருளம்பலம் தயங்கினான். “போடு தம்பி. இனி அவவுக்கு இழுக்காது” என்றார் நமசிவாயம்.

பெண்கள் பிரேதத்தைச் சுற்றி நெருக்கி இருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு மாதம் இந்தப் பக்கம் வர வழியில்லாமலிருந்தவர்கள். இடமில்லாமல் சிலர் வாசற்படியில் இருந்தார்கள்.

முற்றத்தில் பிரேதத்துக்குப் பூசுகிற சுண்ணம் இடிக்க உரல் வைத்தாயிற்று. மஞ்சளும் அறுகும் வாசனைப் பொருட்களும் உரலில் விழ, உரித்துக்காரரான நெருங்கிய சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து உலக்கை பிடித்தார்கள். நமசிவாயம் இடித்தார், பிறகு அருளம்பலம், பிறகு சிவக்கொழுந்து. அடுத்த ஆளைத் தேடிக் குருக்கள் நிமிர்ந்தார்.

படலைக்கு வெளியே, வேலைக்குப் போகிற உடுப்போடு, சைக்கிளைப் பிடித்தபடி யோசப்பின் நின்றாள். நமசிவாயம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

“வாங்கோ பிள்ளை. வந்து இடியுங்கோ.”

“நானோ ஐயா? நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள் எல்லோ. உங்கடை ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“பாக்கட்டும்.”

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். குருக்கள் நமசிவாயத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலிருந்தே சுண்ணப் பாட்டைத் தொடர்ந்தார். யோசப்பின் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உலக்கையை வாங்கினாள். மூன்று முறை இடித்தாள். தெறித்துச் சிதறிய மஞ்சளைக் குனிந்து கையால் கூட்டி உரலுக்குள் போட்டுவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் படலைக்கு நடந்தாள். வேலைக்கு நேரமாகியிருந்தது.

கிணற்றடியில், இடித்தவர்கள் கை கழுவ வாளியில் தண்ணீர் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மஞ்சள் கையாலேயே சைக்கிளின் கைபிடியைப் பிடித்து, ஒழுங்கை திரும்பும்வரை உருட்டிக்கொண்டு போய், அங்கே ஏறிக்கொண்டாள்.